ஒயின் பட்டியலும் ஒரு தனிக்கட்டமும்

"நீங்க விமர்சகர்தானே, இதப் படிச்சி விமர்சனம் பண்ணுங்க பாப்பம்" என்று சொல்லி அந்தத் தோல் அட்டை போட்ட புத்தகத்தை என் பக்கம் தள்ளினார் தோழி. அவர் சொன்னது ஆங்கிலத்தில். என் காதில் இப்படித்தான் விழுந்தது.

2019 மார்ச் மாதம். கேப்டவுன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மீன் உணவகம். மேசைக்குக் கீழே தண்ணீர் அலம்பிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக்கு வெளியே ராபன் தீவுக்குப் போகிற படகில் கூட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. மீன் என்னென்ன இருக்கிறது என்று சொல்ல ஒரே ஒரு தாள். ஒயின் என்னென்ன இருக்கிறது என்று சொல்ல பதினான்கு பக்கம். சாப்பாட்டுக் கடையில் சாப்பாட்டைவிடக் குடிக்கு அதிக இலக்கியம். சரி, இலக்கியம் என்றால் படிக்கலாம்தானே.

இவனுக்கு ஒயினைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நான் முதன்முதலில் கவிதை விமர்சனம் எழுதியபோதும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். யாப்பு தெரியுமா, மரபு தெரியுமா என்றார்கள். ருசி என்பது பிறந்து வளர்ந்த வீட்டில் தொற்றிக்கொள்கிற ஒன்று, அது வெளியிலிருந்து வருகிறவனுக்குக் கைவராது என்கிற எண்ணம் கவிதையிலும் உண்டு, கர்நாடக சங்கீதத்திலும் உண்டு, ஒயினிலும் உண்டு. நம் ஆள் குடித்தால் அது குடி. அவர்கள் குடித்தால் அது ரசனை. நம் ஆளுக்குக் கிடைப்பது சாராயக் கேஸ், அவர்களுக்குக் கிடைப்பது பதினான்கு பக்கப் புத்தகம். இந்த வித்தியாசம் திரவத்தில் இல்லை என்பதைச் சொல்ல ஒயின் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு யோக்கியதையும் எனக்கு உண்டு. 1971-ல் மதுவிலக்கை எடுத்துவிட்டுக் கள்ளுக்கடை திறந்தார்களே, அப்போது எனக்கு ஒன்பது வயது. நாகப்பட்டினத்துக்கு மேற்கே எங்கள் சேரி. அறுப்பு முடிந்து களத்தில் கூலி நெல் அளக்கிற அன்றைக்கு மட்டும் பண்ணை ஆள் ஒருத்தன் மொடாவில் கள்ளு கொண்டுவந்து இறக்குவான். "மொதல்ல குடிங்கடா, அப்பறமா அளந்துக்கலாம்" என்பான். எங்கப்பா குடிக்கும். எல்லாரும் குடிப்பார்கள். வெயிலில் காலையிலிருந்து கதிரடித்த உடம்பு அது, கேட்கத்தானே செய்யும். அப்புறம் மரக்கால் தலைதட்டி விழும். கும்பாரமாக அளக்க வேண்டியதைத் தலைதட்டி அளக்கிறான் என்று கேட்க எழுந்தவனுக்குக் கால் நிற்காது. எங்கம்மா வீட்டுக்கு வந்து நெல்லை மறுபடி அளந்து பார்த்துவிட்டுச் சொல்லும்: "கள்ள ஊத்திட்டு மரக்காலத் தட்டிப்புட்டானுவ." குடித்த கள்ளுக்கும் நெல்லில் பிடித்தம் உண்டு என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஆக அது இனாமும் இல்லை.

இதைத் தோழியிடம் சொன்னேன். அவர் கேப் மாகாணத்துக்காரர், ஸ்டெலன்போஷ் பக்கத்துத் திராட்சைத் தோட்டமொன்றில் பிறந்தவர், பண்ணைத் தொழிலாளர் சங்கத்தில் வேலை பார்த்தவர். கேட்டுவிட்டு, "எங்க ஆயாவுக்குத் தகரக் குவளை" என்றார்.

அந்த ஊரில் அதற்கு 'டாப்' என்று பெயர். டாப் என்றால் ஒரு மிடறு, ஒரு குவளைச் சரக்கு. திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கூலியில் ஒரு பகுதியாக மட்டமான ஒயினையே ஊற்றிக் கொடுத்தார்கள். காலையில் வேலைக்கு இறங்கும்போதே ஒரு குவளை, பிறகு நடுவில் பல தடவை, வேலை முடிகையில் ஒன்று. அடிமைகளை வைத்துத் தோட்டம் போட்ட காலத்துப் பழக்கம், அடிமை முறை போன பிறகும் கூலி முறையாகத் தங்கிவிட்டது. விற்க முடியாமல் தேங்குகிற சரக்குக்கு வடிகால், வேறு வேலைக்கு ஓடாமல் ஆளைக் கட்டிப்போடுகிற கயிறு, இரண்டு வேலையையும் ஒரே குவளை செய்தது. 1960-களில் சட்டம் இதைத் தடை செய்தது. ஆனாலும் 1990-கள் வரை சில தோட்டங்களில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கிற குழந்தைகளின் விகிதம் உலகத்திலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் இந்தத் திராட்சை மாவட்டங்கள் இருக்கின்றன. இதை டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒயின் பட்டியல் எழுதாது.

எழுத வேண்டுமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். மீன் சாப்பிட வந்தவனிடம் சரித்திரம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? ஆனால் இந்தப் பட்டியல் சரித்திரம் சொல்லாமல் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் சொல்கிறது. 'ஏழு தலைமுறையாக ஒரே குடும்பம்', 'முன்னூறு வருடப் பாரம்பரியம்', 'எங்கள் மூதாதையர் நட்ட கொடி' என்று ஒவ்வொரு பாட்டிலுக்குக் கீழேயும் இரண்டு வரி. நட்டது மூதாதையரா, மூதாதையர் வாங்கிய ஆளா? சரித்திரமே வேண்டாம் என்று ருசியை மட்டும் எழுதியிருந்தால் நானும் ருசியை மட்டும் பேசிவிட்டு எழுந்திருப்பேன். பாதிச் சரித்திரத்தைச் சொல்லி அதற்கும் சேர்த்து விலை போட்டால் மீதிப் பாதியைக் கேட்கிற உரிமை வாசகனுக்கு வந்துவிடுகிறது.

முதலில் வரிசை. எந்தப் பட்டியலையும் வரிசையிலிருந்துதான் படிக்கத் தொடங்க வேண்டும். பட்டியல் என்கிற சொல்லை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. முதல் பக்கத்தில் பிரான்சிலிருந்து வந்த ஷாம்பெய்ன், ஒரு பாட்டில் 1,800 ரேண்ட். இரண்டாம் பக்கத்தில் உள்ளூர்ப் பொங்கு ஒயின். ஷாம்பெய்ன் செய்கிற அதே முறையில் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாவது தடவை புளிக்க வைத்து எடுக்கிறார்கள். 1971-லிருந்து தென்னாப்பிரிக்காவில் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். ஆனால் ஷாம்பெய்ன் என்று சொல்லக்கூடாது, அந்தப் பெயர் பிரான்சில் ஒரு மண்ணுக்குச் சொந்தம். அப்புறம் வெள்ளை ஒயின், நான்கு பக்கம். இளஞ்சிவப்புக்கு அரைப் பக்கம். சிவப்புக்கு ஐந்து பக்கம். பிறகு இனிப்பு ஒயின். கடைசிக்கு முந்திய பக்கத்தின் அடியில் ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குப் பிறகு வருகிறேன். கடைசிப் பக்கத்தில் பெயர் இல்லாத 'ஹவுஸ் ஒயின்'.

இதில் முதல் குற்றம் சமையல் குற்றம். மீன் கடையில் சிவப்பு ஒயினுக்கு ஐந்து பக்கம் எதற்கு? சிவப்பு ஒயினில் இருக்கிற துவர்ப்பும் இரும்பும் மீன் எண்ணெயோடு சேர்ந்தால் வாயில் ஒரு கவிச்சி தூக்கும். தகரத்தை நக்கியது போல இருக்கும். இது நாகரிகமல்ல, வேதியியல். மீன் குழம்பில் புளி விடுகிற யாருக்கும் தெரிந்த விஷயம் மீனுக்குப் புளிப்பு வேண்டும் என்பது. துவர்ப்பு அல்ல. ஆனாலும் ஐந்து பக்கம், ஏன் என்றால் விலை அங்கேதான் இருக்கிறது. பெரிய பாட்டிலை ஆர்டர் பண்ணி எதிரில் இருப்பவரை அசத்த நினைக்கிற ஆள் சிவப்பைத்தான் கேட்பான். பினோட்டாஜ் என்று இந்த நாட்டுக்கே உரிய ஒரு திராட்சை உண்டு, 1925-ல் பேராசிரியர் பெரால்ட் இரண்டு பிரெஞ்சு ரகங்களைக் கலந்து உண்டாக்கியது. அதில் ஒரு கிளாஸ் வாங்கி வஞ்சிரம் போன்ற ஒரு மீன் துண்டோடு சேர்த்துப் பார்த்தேன். கனிந்த வாழைப்பழத்தைச் சுட்ட மாதிரி ஒரு வாசனை. தனியாகக் குடிக்க மோசமில்லை. மீனோடு சேர்த்தால் இரண்டும் சண்டை போட்டுக்கொண்டன. பட்டியலில் அதற்குக் கீழே 'கடலுணவுக்கும் பொருந்தும்' என்று போட்டிருக்கிறது. பொய்.

வெள்ளை ஒயின் பக்கங்கள் அப்படியில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். எழுதியவருக்கு நாக்கு இருக்கிறது. ஷெனின் பிளாங்க் என்கிற திராட்சையைத்தான் அந்த நாட்டில் வேறெதையும்விட அதிகமாகப் பயிரிடுகிறார்கள். ஸ்டீன் என்று அங்கே ஒரு வீட்டுப் பெயரும் அதற்கு உண்டு. ரொம்ப காலம் அதை ஒரு கூலித் திராட்சை மாதிரிதான் வைத்திருந்தார்கள். நிறையக் காய்க்கும், பிராந்தி காய்ச்சப் போடு, மட்ட ஒயினுக்குப் போடு என்று. கவனித்து வளர்த்தால் என்ன தரும் என்று பார்க்க ஆளில்லை. சமீப காலத்தில்தான் பழைய கொடிகளைத் தேடிப்போய் நல்ல ஒயின் எடுக்கிறார்கள். இந்தப் பட்டியல் ஷெனினுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறது. அதில் நான்கைக் கிளாஸ் கணக்கிலும் தருகிறது. இது நல்ல காரியம். கறுப்பு மட்டியைப் பூண்டு போட்டு வேகவைத்துக் கொண்டுவந்தார்கள். அதோடு ஒரு கிளாஸ் ஷெனின். கொய்யாப் பழத்தைப் பிட்ட வாசம், பின்னால் கொஞ்சம் தேன், கடைசியில் நாக்கோரத்தில் ஒரு புளிப்பு நின்று அடுத்த மட்டியைக் கேட்டது. பட்டியலில் இதற்கு 'வெள்ளை பீச், மொனமொனக்கும் கனிமம்' என்று எழுதியிருந்தது. பீச் பழம் நான் தின்றதில்லை. கொய்யா தின்றிருக்கிறேன். ருசிக்கு எந்தப் பழத்தின் பெயரைச் சூட்டுவது என்பதிலும் ஓர் அதிகாரம் இருக்கிறது. என் நாக்கில் இருப்பது பட்டியலில் இருக்கிற சொல்லுக்கு அடங்கவில்லை என்றால் நாக்கு தப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அந்தக் கிளாஸ் 72 ரேண்ட். அந்த வருடம் ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் முதல் தடவையாக நாடு முழுமைக்கும் குறைந்தபட்சக் கூலி வந்தது. பொதுவாக மணிக்கு 20 ரேண்ட், பண்ணைத் தொழிலாளிக்கு 18. திராட்சை பறித்தவருக்கு என் கிளாஸ் நான்கு மணி நேரம். முதல் பக்கத்து ஷாம்பெய்ன் நூறு மணி நேரம். அந்த 18 ரேண்டும் சும்மா வந்ததில்லை. 2012-ல் டீ டோர்ன்ஸ் என்கிற ஊரில் திராட்சைத் தொழிலாளிகள் வேலையை நிறுத்திச் சாலையை மறித்தார்கள். அது மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. அப்போது ஒரு நாள் கூலி 69 ரேண்ட், கேட்டது 150. துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர் போனது. 2013 மார்ச்சிலிருந்து 105 ஆக்கினார்கள். நெல்லில் அரைப்படி கூடுதலாகக் கேட்டதற்கு 1968-ல் எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்று தோழிக்குச் சொன்னேன். கீழ்வெண்மணி என்கிற பெயரை அவர் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். அவருடைய டீ டோர்ன்ஸை நான் எழுதி வாங்கிக்கொண்டேன்.

மறுபடி பட்டியலுக்கு. நான்காம் பக்கத்தில் எலிம் என்று ஓர் ஊர். அங்கிருந்து வருகிற சாவிக்னோன் பிளாங்க் பற்றி 'ஆப்பிரிக்காவின் தென்முனைக் கடல்காற்றின் உப்பு' என்று எழுதியிருக்கிறது. பொய்யில்லை. பச்சை மிளகாயைக் கிள்ளி மோந்த மாதிரி வாசம், அருநெல்லிக்காய்ப் புளிப்பு, உப்புக் கரித்தாற்போல் ஒரு முடிவு. சிப்பியோடு குடித்தால் எலுமிச்சை பிழிய வேண்டாம். அன்று குடித்ததிலேயே நல்ல ஒயின் அதுதான், ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் எலிம் வெறும் கடல்காற்று அடிக்கிற ஊர் இல்லை. 1824-ல் மொரேவிய மிஷனரிகள் உண்டாக்கிய குடியிருப்பு. கேப் காலனியில் 1834 டிசம்பர் 1-ல் அடிமை முறையை ஒழித்தார்கள். ஒழித்த மறுநாளே யாரும் போக முடியவில்லை, இன்னும் நான்கு வருடம் 'பயிற்சி' என்ற பெயரில் அதே எஜமானிடம் வேலை செய்ய வேண்டும் என்றார்கள். 1838-ல் நிஜமாக வெளியே வந்தவர்களில் ஒரு பகுதியினர் போய்ச் சேர்ந்த இடங்களில் எலிமும் ஒன்று. நூறு வருடம் கழித்து, 1938-ல், அந்த விடுதலைக்கு அங்கே ஒரு நினைவுக்கல்லும் வைத்தார்கள். கூரை வேய்ந்த வெள்ளைச் சுவர் வீடுகள், ஒரு கோயில், ஒரு கல். தோழி படம் காட்டினார். அந்த ஊர்ப் பெயரை வைத்து உப்பை விற்கிறவர்களுக்குக் கல்லைப் பற்றி அரை வரி எழுத இடமில்லை.

இனிப்பு ஒயின் பக்கத்தில் கான்ஸ்டான்ஷியா. இதற்குத்தான் பட்டியலில் நீளமான குறிப்பு. நெப்போலியன் செயின்ட் ஹெலினா தீவில் சிறையிருந்தபோது குடித்தது என்று வருகிறது, ஜேன் ஆஸ்டின் நாவலில் வருவது என்று வருகிறது, 1685-ல் கவர்னர் சைமன் வான் டெர் ஸ்டெல் பெற்ற நிலம் என்று வருகிறது. அந்த வான் டெர் ஸ்டெல்லின் தாய்வழிப் பாட்டி யார் என்பது வரவில்லை. மோனிகா என்று டச்சு ஆவணங்களில் இருக்கிற ஒரு பெண். இந்தியாவில் அடிமையாக இருந்து விடுபட்டவள். நம் கரைகளில் ஏதோ ஒன்றிலிருந்து கப்பலேறியவளின் பேரன்தான் அடிமைகளை வைத்து அந்தத் தோட்டத்தைப் போட்டிருக்கிறான். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. நம்ம ரத்தம் என்று கொண்டாடுகிறவர்கள் வேறு பத்திரிகையில் எழுதிக்கொள்ளட்டும்.

எனக்கு வேறொன்று குடைந்தது. கேப்டவுனில் முதல் ஒயின் பிழிந்த நாளை டச்சுக்காரன் வான் ரீபெக் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறான்: 1659 பிப்ரவரி 2. அதற்கு முந்தின வருடம், 1658-ல், அங்கே முதல் அடிமைக் கப்பல்கள் வந்து இறங்கின. அதே 1658-ல்தான் அதே டச்சுக் கம்பெனி போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தது. 1659-லிருந்து இரண்டு மூன்று வருடம் தஞ்சைச் சீமையில் பஞ்சம். பிழைக்க வழியில்லாதவர்களை நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கில் வாங்கி இலங்கைக்கும் பத்தேவியாவுக்கும் கப்பலேற்றினார்கள். கம்பெனிக் கணக்கில் அது சரக்கு. அப்படிப் போனவர்களும் பிறகு போனவர்களும் கைமாறிக் கைமாறிக் கேப்டவுனுக்கும் வந்தார்கள். 1808-ல் கடல் கடந்த அடிமை வியாபாரம் நிற்கிற வரைக்கும் அங்கே இறக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 63,000 பேர், அதில் சுமார் கால்பங்கு இந்தியாவிலிருந்து என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள். வங்காளத்தான், மலபார்க்காரி, சோழமண்டலத்தான் என்று பதிவேட்டில் பெயருக்குப் பின்னால் ஊர் இருக்கிறது. சாதி இல்லை. ஆனால் பஞ்ச காலத்தில் நாகப்பட்டினக் கரையில் யார் விற்கப்பட்டிருப்பார்கள், யார் விற்றிருப்பார்கள் என்று யூகிக்க எனக்குப் பதிவேடு தேவைப்படவில்லை. நான் பிறந்த இடத்திலிருந்து நடந்தே போகிற தூரம் அந்தக் கரை.

இப்போது அந்தக் கட்டம்.

கடைசிக்கு முந்திய பக்கத்தின் அடியில், கோடு போட்டு, சாம்பல் நிறம் அடித்து, 'மாற்றத்தின் ஒயின்கள்' என்று தலைப்பு. கறுப்பினத்தவர் சொந்தமாகத் தயாரிக்கிற மூன்று ஒயின். இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. மற்ற எல்லா ஒயினும் திராட்சையின் பெயராலும் ஊரின் பெயராலும் வகைபிரித்திருக்க, இந்த மூன்றும் மட்டும் தயாரித்தவரின் தோலால் வகைபிரிக்கப்பட்டிருக்கிறது. கீழே ருசிக் குறிப்பு இல்லை. பீச் இல்லை, கனிமம் இல்லை. அதற்குப் பதில் 'இதை வாங்குவதன் மூலம் நீங்கள் ஒரு சமூகத்துக்கு உதவுகிறீர்கள்' என்று ஒரு வரி.

"இது ரெட்டக் குவளை தோழர்" என்றேன். டீக்கடையில் நமக்குத் தனிக் கிளாஸ் எப்படிக் கூரையில் செருகியிருக்கும் என்று விவரித்தேன். ஷெனின் என்றால் ஷெனின் பக்கத்தில் போடு, நன்றாக இல்லையென்றால் தூக்கி எறி, இதென்ன ஓரத்தில் ஒரு சேரி என்று கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன்.

தோழி ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டம் போடலன்னா பட்டியல்லயே வராது. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கடைக்கு வந்திருக்கேன், ஒண்ணுகூட இல்ல" என்றார். நிலம் இல்லாமல், கடன் கிடைக்காமல், பாதாள அறையும் பீப்பாயும் இல்லாமல் வாடகைக்கு இடம் பிடித்து ஒயின் செய்கிறவர்கள் அவர்கள். நாட்டின் முதல் கறுப்பினப் பெண் ஒயின் தயாரிப்பாளர் என்று அறியப்படுகிற ந்ட்சிக்கி பியேலா குவாசுலு-நடால் கிராமத்திலிருந்து உதவித்தொகையில் ஸ்டெலன்போஷுக்குப் படிக்க வந்தவர். அதற்கு முன் ஒயினை ருசித்ததே இல்லையாம். 2016-ல் சொந்த ஒயினுக்கு அஸ்லினா என்று தன் பாட்டி பெயரை வைத்தார். "ஏழு தலைமுறைக் குடும்பம் பக்கத்துல அவங்கள வெறுமனே வச்சா யாரு கண்ணுல படும்? ஒதுக்கீட்டப் பத்தி எனக்குப் பாடம் சொன்னது நீங்கதான" என்றார் தோழி.

எனக்கு உடனே பதில் வரவில்லை. என் கதை ஒன்று ஒரு தொகுப்பில் வந்தது, ஐம்பது வருடச் சிறுகதைகள் என்று. மற்றக் கதைகள் எல்லாம் வருட வரிசையில். கடைசியில் 'தலித் சிறுகதைகள்' என்று ஒரு பகுதி, அதில் நானும் இன்னும் மூன்று பேரும். முன்னுரையில் மற்றவர்களின் மொழியைப் பற்றியும் உத்தியைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதியவர் எங்களைப் பற்றி 'வலியின் பதிவுகள்' என்று முடித்துக்கொண்டார். கோபம் வந்தது. ஆனால் தொகுப்பிலிருந்து கதையைத் திரும்பப் பெறவில்லை. ஏனென்றால் அந்தப் பகுதியைப் படித்துவிட்டுத்தான் கள்ளக்குறிச்சியிலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பிள்ளைகள் கடிதம் போட்டார்கள். கட்டம் அவமானம், கட்டம் வாசல், இரண்டும் உண்மை. கட்டத்தை இன்னும் அழிக்கச் சொல்ல மாட்டேன். அந்த ஒயின்களை ஷெனின் பக்கத்திலும் போடு, கட்டத்திலும் போடு, இரண்டு இடத்திலும் ருசியை எழுது என்பேன். உதவி செய்கிறீர்கள் என்கிற வரியை அடி. ஒயின் வாங்குகிறவன் ஒயின் வாங்குகிறான். தர்மம் பண்ண அவனுக்கு வேறு இடம் இருக்கிறது.

மூன்றையும் கிளாஸ் கிளாஸாகக் கேட்டோம். கட்டத்தில் உள்ளதைக் கிளாஸில் தருவதில்லை, பாட்டிலாகத்தான் எடுக்க வேண்டும் என்றார் சர்வர். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாத பெயரை 290 ரேண்ட் கொடுத்து யார் முழு பாட்டில் வாங்குவான்? வாசலைத் திறந்துவைத்து நாதாங்கியையும் போட்டிருக்கிறார்கள். தோழி உள்ளே போய் யாரிடமோ பேசி இரண்டு வெள்ளையையும் ஊற்ற வைத்தார். ஒன்று நல்ல ஷெனின். முழுப் பக்கத்தில் இருந்த நான்கில் இரண்டைவிட மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இன்னொன்று சுமார். புளிப்பே இல்லாமல் தட்டையாக, நேற்றைய பழரசம் மாதிரி இருந்தது. நான் வாயைத் திறக்கத் தயங்குவதைப் பார்த்துத் தோழியே "இது சரியில்ல" என்றார். நம் ஆள் எழுதிய மோசமான நாவலைப் பற்றி மேடையில் இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறேன், ஒரு தடவையல்ல, பல தடவை. அப்போதெல்லாம் எனக்குத் தோன்றாதது அந்தக் கடல் ஓரத்தில் உறைத்தது. சரியில்லை என்று சொல்லாமல் விடுவதும் 'நீங்கள் ஒரு சமூகத்துக்கு உதவுகிறீர்கள்' வகைதான்.

மீனைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. அந்தத் தாளில் சிப்பி, மட்டி, ஹேக், சிங்கி இறால் எல்லாம் உண்டு. ஸ்னூக் இல்லை. ஸ்னூக் என்பது நம்ம ஊர் சீலா மாதிரி நீளமாக, பல் வைத்த, எண்ணெய்ச் சத்துள்ள மீன். கேப்டவுன் ஏழை ஜனங்களின் மீன். ஒரு காலத்தில் வண்டியில் வைத்துக் கொம்பு ஊதித் தெருத்தெருவாக விற்றிருக்கிறார்கள். அந்தத் தெருக்களில் பல இன்றைக்கு இல்லை. டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966-ல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து 60,000 பேரைக் கிளப்பி மணல்காட்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். மீனவர்களுக்கோ 1998-ல் வந்த புதிய கடல்வளச் சட்டத்தின் கீழ் பிடி உரிமையெல்லாம் பெரும்பாலும் கம்பெனிகளுக்குப் போயிற்று. சிறு மீனவர்கள் கோர்ட்டுக்குப் போய் 2007-ல் ஓர் இடைக்கால உத்தரவு வாங்கினார்கள், அரசாங்கம் 2012-ல்தான் சிறு மீனவர் கொள்கை என்று ஒன்றை எழுதியது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடமே கைதிகளை வைத்துக் கட்டியதுதான். 1860-ல் இளவரசர் ஆல்ஃபிரட் முதல் கல்லைக் கொட்டிவிட்டுப் போனார், மிச்சக் கல்லைக் கைதிகள் கொட்டினார்கள். அவர்களை அடைத்துவைத்த சிறைச்சாலைக் கட்டடத்தில் இப்போது ஒரு ஓட்டலும் வணிகப் படிப்புக் கல்லூரியும் இருக்கின்றன.

ஸ்னூக்கை அடுப்புக் கரியில் வாட்டி, மேலே சர்க்கரை பாதாமிப் பழ ஜாம் தடவிச் சாப்பிடுவார்கள். அதற்கு எது பொருந்தும் என்று யோசித்துப் பார்த்தேன். எண்ணெயை அறுக்கப் புளிப்பு வேண்டும், ஜாமுக்கு ஈடுகொடுக்கக் கொஞ்சம் இனிப்பும் வேண்டும். லேசாக இனிப்பு நிற்க விட்ட ஷெனின்தான். அதாவது கூலித் திராட்சையும் கூலிக்காரர் மீனும் ஒன்றுக்கொன்று பொருத்தம். பதினான்கு பக்கத்தில் அப்படி ஒரு ஒயினும் இல்லை, அந்த ஒரு தாளில் அந்த மீனும் இல்லை. பட்டியலில் எனக்குப் பெரிய குறையாகப் பட்டது இதுதான். கேப் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு அந்த ஊர் ஜனங்கள் என்ன தின்கிறார்கள் என்று தெரியாமல் எழுதியிருக்கிறார்கள்.

சர்வருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டையில் முதல் பெயர் மட்டும். தோழி அவரிடம் ஆப்ரிகான்ஸில் ஊர் விசாரித்தார். குடும்பப் பெயர் ஒரு மாதத்தின் பெயர். கப்பலில் வந்து இறங்கிய மாதத்தையோ விற்ற மாதத்தையோ வைத்து எஜமானர்கள் அடிமைகளுக்குச் சூட்டிய பெயர்கள் அங்கே இன்னும் பல குடும்பங்களில் தங்கியிருக்கின்றன. பதினான்கு பக்கத்தையும் மனப்பாடமாகச் சொல்கிறார். எந்த வருடம் நல்ல மழை, எது ஓக் பீப்பாயில் கிடந்தது, எல்லாம் தெரியும். உங்களுக்கு இதில் எது பிடிக்கும் என்று கேட்டேன். நான் ஒயின் குடிக்கிறதில்ல என்றார். "எங்கப்பா எனக்கும் சேத்துக் குடிச்சிட்டாரு."

அப்படியானால் ஸ்னூக்குக்கு என்ன குடிப்பீர்கள் என்று கேட்டேன். அவர் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். வீட்டில் அம்மா போடுகிற இஞ்சி பீர் என்றார். பெயர்தான் பீர், போதை இருக்காது. இஞ்சியைத் தட்டிப்போட்டு, சர்க்கரையும் ஈஸ்டும் உலர்திராட்சையும் போட்டு, ராத்திரி முழுக்க மூடி வைக்க வேண்டும். காலையில் உலர்திராட்சை மேலே மிதந்தால் பதம் என்று கையால் காட்டினார். அதற்குள் அடுத்த மேசையில் யாரோ பினோட்டாஜ் கேட்டார்கள், போய்விட்டார்.

மறுநாள் ஊருக்கு வெளியே சாலையோரத்தில் லாரியின் பின்பக்கத்தில் வைத்து ஸ்னூக் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒன்று வாங்கினோம். தோழியின் அக்கா வீட்டில் கரி மூட்டினார்கள். இஞ்சி பீர் அங்கேயும் இருந்தது.